ஜூன் ஒன்றில் பிறந்தவர்கள்

சிட்லபாக்கம்
24 பிப்ரவரி 2025

எலியேசருக்கு,

ஸ்தோத்திரம் சொல்லி ஆரம்பிக்க மனசு வரவில்லை. வரும்போது எழுதுகிறேன்.

என்னடா இவள் காகிதத்தில் எழுதுகிறாள் என்று பார்க்காதே. உங்கள் குழுவின் விதிகளைப் படித்தேன். ஓட்டு முடியும்வரை உறுப்பினர்கள் விண்ணப்பம் போட்டவரோடு மின்னஞ்சலிலோ சாட்டிலோ போனிலோ தனியாகப் பேசக் கூடாதாம். தபாலைப் பற்றி ஒன்றும் இல்லை. இங்கே போஸ்ட் ஆபீஸில் ஸ்டாம்பு கேட்டபோது அந்தப் பெண்ணே டிராயரைக் கொஞ்ச நேரம் தேடினாள்.

விஷயத்துக்கு வருகிறேன். 'கிழமை'யை ஆல்டர் என்ற கணினி மொழியின் ஸ்டாண்டர்டு லைப்ரரியில் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று நான் விண்ணப்பித்து மூன்று வாரம் ஆகிறது. ஏழு பேர் குழுவில் முதல் ஆளாக 'வேண்டாம்' என்று எழுதியவன் நீ. எல்லாரும் படிக்கிற இடத்தில், பதினோரு வரி. அதில் 'வெளியார் கருவி' என்று ஒரு சொல். ஒன்றாம் வகுப்பிலிருந்து பக்கத்தில் உட்கார்ந்தவள் வெளியாள் ஆகிவிட்டாள். அந்தச் சொல்லை இரண்டு நாளாக மென்றுகொண்டிருக்கிறேன்.

ஸ்டாண்டர்டு லைப்ரரி என்றால் என்ன என்று அம்மா கேட்டார். ஆகஸ்டில் பக்கவாதம் வந்ததிலிருந்து அவருக்குப் பேச்சு ஒவ்வொரு சொல்லாகத்தான் வருகிறது. நான் சொன்னேன்: "வாடகைக்கு வீடு எடுத்தா ஃபேன் ஏற்கெனவே மாட்டியிருக்கும்ல, அது மாதிரிம்மா. மொழியை யார் வாங்கினாலும் அது கூடவே வரும். இப்போ கிழமை, குடித்தனக்காரங்க தனியா வாங்கி மாட்டிக்கிற ஃபேன்."

"ரிப்பேரானா?"

"இப்போ என்னைக் கூப்பிடறாங்க. உள்ள போயிட்டா வீட்டுக்காரரைக் கூப்பிடுவாங்க."

"குடுத்துடு" என்றார்.

அவ்வளவுதான். மனிதர்கள் தாறுமாறாக எழுதிவைக்கும் தேதிகளைப் படித்து ஒழுங்கு செய்யும் ஒரு சின்னக் கருவி. அதன் பெயரை ஒழுங்காகச் சொல்ல உலகத்தில் முக்கால்வாசிப் பேருக்கு வராது. ஆனால் எங்கோ ஒரு நாட்டில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் தள்ளிவைத்தால் திட்டு மட்டும் எனக்குச் சரியாக வந்துசேரும். எட்டு வருடமாக ஒருத்தியாகப் பார்த்துக்கொள்கிறேன். அம்மாவைச் சுவரைப் பிடித்து நடக்கவைக்கும்போது போன் துடிக்கிறது. பீரோவில் வைத்துப் பூட்டினேன். உள்ளேயிருந்தும் கேட்கிறது.

இதை நான் கீழே வைக்க வேண்டும், எலியேசர். ஓட்டு ஏப்ரல் பத்தாம் தேதி. உன் 'வேண்டாம்' என்பதைத் திரும்ப எடுத்துக்கொள்.

ஹில்டா

•

நாவலூர்
4 மார்ச் 2025

ஹில்டாவுக்கு,

உன் கடிதம் வந்துசேர ஐந்து நாள் ஆனது. சிட்லபாக்கத்திலிருந்து நடந்து வந்திருந்தால் அன்றைக்கே வந்திருக்கும்.

விதியில் தபால் இல்லை என்பது சரி. ஆனால் அது எதற்காகப் போட்ட விதி என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இந்தப் பதில் தப்பு என்று தெரிந்தேதான் எழுதுகிறேன்.

'வெளியார்' என்பது குழுவின் சொல். மொழியோடு வராத எல்லாக் கருவிக்கும் அதுதான் பெயர். உன்னைச் சொல்லவில்லை. ஆனாலும் எழுதும்போது யோசித்திருக்க வேண்டும்.

உன் ஃபேன் உதாரணத்தையே எடுத்துக்கொள்கிறேன். வீட்டுக்காரர் மாட்டிய ஃபேனைக் குடித்தனக்காரர் கழற்ற முடியாது. வீட்டுக்காரர் வருடத்துக்கு ஒரு தடவைதான் எட்டிப்பார்ப்பார். வந்தாலும் "ஓடுதுல்ல, விடுங்க" என்பார். உள்ளே நடப்பது இதுதான். இன்று ஒரு தப்பு தெரிந்தால் நீ இரண்டு நாளில் சரிசெய்கிறாய். உள்ளே போய்விட்டால் அடுத்த வெளியீடு வரை ஒரு வருடம். அதற்குள் அந்தத் தப்பை நம்பி ஆயிரம் பேர் எதையாவது கட்டிவிடுவார்கள். அப்புறம் அதைச் சரிசெய்வதுதான் தப்பு என்பார்கள். ஃபேக்ஸ் அனுப்பும் கருவி ஒன்று இன்னும் எங்கள் லைப்ரரியில் இருக்கிறது. எழுதியவர் இறந்து ஆறு வருடம் ஆகிறது. எடுக்கலாம் என்று நான் மூன்று முறை சொல்லிவிட்டேன். எடுக்க விடமாட்டேன் என்கிறார்கள்.

நீ களைத்திருக்கிறாய் என்பது ஒரு கருவி உள்ளே போகக் காரணம் ஆகாது. இதை உன்னிடம் நேரில் சொல்ல எனக்குத் தைரியம் இருந்திருக்காது.

இன்னொரு காரணமும் இருக்கிறது. எழுதி எழுதி அடித்துவிட்டேன்.

ஆன்ட்டிக்குக் கை கொஞ்சமாவது தூக்க வருகிறதா?

எலியேசர்

•

சிட்லபாக்கம்
10 மார்ச் 2025

எலியேசருக்கு,

அந்த ஃபேக்ஸ் மனிதரை நீ குறையாகச் சொன்னாய். எனக்குப் பொறாமையாக இருந்தது. அவரையாவது யாரும் எழுப்பிக் கேட்பதில்லை.

தப்பு நடந்தால் இரண்டு நாளில் சரிசெய்கிறேன் என்று பெருமையாக எழுதியிருக்கிறாய். அந்த இரண்டு நாள் எங்கிருந்து வருகிறது என்று கேட்டாயா? காலை பத்து மணிக்கு பிசியோதெரபி பெண் வருவாள். அதற்கு முன் அம்மாவைக் குளிப்பாட்ட வேண்டும். பன்னிரண்டு மணிக்கு நான் ஆபீஸ் வேலைக்கு உட்கார்ந்தாக வேண்டும். இதில் எதையோ ஒன்றை வெட்டித்தான் அந்த இரண்டு நாள் வருகிறது. போன வாரம் பத்து மணிப் பயிற்சியை வெட்டினேன். அம்மா கட்டிலிலேயே உட்கார்ந்து காத்திருந்தார்.

2014இல் நம் ஸ்கூல் பொன்விழாவுக்குப் பழைய பதிவேடுகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றப்போய்த்தானே கிழமை பிறந்தது. தாம்பரத்தில் அந்த ஓடு வேய்ந்த கட்டட அறையில் ஒரு கோடை விடுமுறை முழுக்க நீயும் நானும் சேர்ந்து எழுதினோம். 2017இல் உன்னைக் குழுவில் எடுத்தார்கள். "நான் உள்ள போனா நம்ம கருவிக்கு நல்லதுதானே" என்றாய். நம்ம. அதோடு அது என்னுடையது ஆகிவிட்டது.

ஆகஸ்டில் ஆஸ்பத்திரிக்கு ஹார்லிக்ஸோடு வந்தாய். கால் மணி நேரம் உட்கார்ந்தாய். அதில் பாதி போனைப் பார்த்தாய். கோபம் வரவில்லை, அதற்குக்கூட அன்றைக்குத் தெம்பு இல்லை. இப்போது வருகிறது.

அம்மாவுக்கு வலது கை தோள் வரை தூக்க வருகிறது. கேட்டதற்கு நன்றி.

அந்த இன்னொரு காரணத்தை எழுது. அடிக்காமல் எழுது.

ஹில்டா

•

நாவலூர்
17 மார்ச் 2025

ஹில்டாவுக்கு,

போனைப் பார்த்தது உண்மை. ஆன்ட்டியின் முகத்தைப் பார்க்க முடியவில்லை, அதனால் பார்த்தேன். மன்னித்துவிடு.

கேட்டதால் சொல்கிறேன். எங்கள் அபார்ட்மெண்டில் மாடிப்படி துடைக்கிறவர் பெயர் எல்லம்மா. பெரும்பாக்கம் ஹவுசிங் போர்டிலிருந்து வருகிறார். இரண்டு கண்ணிலும் புரை. ஜனவரியில் தான் வைத்த வாளியையே பார்க்காமல் இடறி விழுந்தார். அந்தப் பக்கம் ஒரு தொண்டு நிறுவனம் சில மாதங்களுக்கு ஒரு தடவை கண் முகாம் நடத்துகிறது. அறுபது முடிந்தவர்களுக்கு அறுவை சிகிச்சை இலவசம். பிப்ரவரி எட்டாம் தேதி முகாமுக்கு நான்தான் கூட்டிக்கொண்டு போனேன்.

அவர் அடையாள அட்டையில் வருடம் மட்டும்தான் இருக்கிறது, 1965. மேசையில் இருந்த பெண் அதைக் கம்ப்யூட்டரில் தட்டிவிட்டு ஒரு சீட்டை எடுத்துக் கொடுத்தாள். "அறுபது இன்னும் ஆகலைம்மா. ஜூன் ஒண்ணாம் தேதிதான் ஆகுது" என்றாள். அடுத்த முகாம் மே மாதம். அப்போதும் ஆகாது. அதற்கடுத்தது செப்டம்பர்.

எல்லம்மா என் பக்கம் திரும்பினார். "இன்னா சார் இது. நான் பொறந்த நாளு எனுக்கே தெரியாது. அந்தப் பொட்டிக்கு எப்டித் தெரிஞ்சுது? பொங்கலுக்கு வூட்டுக்கு வெள்ளையடிக்கச் சொல்லோ பொறந்தேன்னு எங்கம்மா சொல்லிகினே இருக்கும். அதாங் எனுக்குத் தெரியும்."

சீட்டை வாங்கிப் பார்த்தேன். 01-06-1965. அந்த ஜூன் ஒன்றை நான் நாற்பது வருடமாக ஒவ்வொரு விண்ணப்பத்திலும் எழுதிவருகிறேன். பிறந்த தேதி தெரியாத பிள்ளைகளுக்கெல்லாம், ஸ்கூல் திறக்கும் நாள் என்று நம் ஒன்றாம் வகுப்பு டீச்சராக இருந்த உன் அம்மா போட்டுக்கொடுத்தது. நம் வகுப்பில் பதினெட்டுப் பேருக்கு ஒரே பிறந்தநாள். உலகத்தில் வேறு யார் இந்தத் தேதியைத் தேர்ந்தெடுப்பார்கள்? விசாரித்தேன். அவர்கள் கிழமையைத்தான் பயன்படுத்துகிறார்கள். வருடம் மட்டும் இருந்தால் கிழமை தானாக ஜூன் ஒன்றை நிரப்பிவிடுகிறது.

நீ அதைப் போட்டதைக் குறை சொல்லவில்லை. நம் ஸ்கூல் பதிவேட்டுக்கு அது சரிதான். ஆனால் ஸ்டாண்டர்டு லைப்ரரிக்குள் போய்விட்டால் ஆணி அடித்த மாதிரி. அப்புறம் யாராலும் பிடுங்க முடியாது. தேதி தெரியாத ஆட்கள் எந்த ஊரில் இருந்தாலும் ஜூன் ஒன்றில் பிறப்பார்கள்.

இதை உன்னிடம்தான் முதலில் சொல்லியிருக்க வேண்டும். ஆன்ட்டி படுத்திருக்கும்போது, அவர் கொடுத்த தேதி ஒருத்தரைத் திருப்பி அனுப்பிவிட்டது என்று எப்படிச் சொல்வது? அதனால் பொதுவில் போய் வேறு பதினோரு வரி எழுதினேன்.

எலியேசர்

•

சிட்லபாக்கம்
25 மார்ச் 2025

எலிக்கு,

உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். பிறகு பரணிலிருந்து பழைய லேப்டாப்பை இறக்கினேன். சார்ஜ் ஏற அரை நாள் ஆனது. கிழமையை எல்லாரும் எடுத்துக்கொள்ளப் பொதுவில் போடுவதற்கு முன்னால் இருந்த பிரதி அதில் இருக்கிறது, ஒவ்வொரு வரியையும் யார் எழுதியது என்ற குறிப்போடு.

2014 மே 11. 'வருஷம் மட்டும் இருந்தால் ஜூன் 1. டெபோரா டீச்சர் உபயம். இப்படிக்கு எலி.'

அந்த வரி உன்னுடையது. கல்யாண மண்டபத்து ஃபேனில் எழுதுகிற மாதிரி உபயம் வேறு. எழுதிவிட்டு நீ சிரித்ததும் நினைவுக்கு வந்தது. "காலியா விட்டா பார்க்க நல்லா இல்ல, ஹில்டா. டீச்சர் எனக்குக் குடுத்ததையே எல்லாருக்கும் குடுப்போம்" என்றாய். பொதுவில் போட்டபோது, "உன் பேர்லயே போடு, எனக்கு ஆபீஸ்ல கேள்வி வரும்" என்றாய். அதனால்தான் இன்று எல்லா வரியிலும் என் பெயர் இருக்கிறது.

இன்னொன்றும் எண்ணிப் பார்த்தேன். இத்தனை வருடத்தில் இருபத்தாறு பேர் அந்த வரியை மாற்றச் சொல்லிக் கேட்டிருக்கிறார்கள். நல்லபடியாகக் கேட்டவர்களும் உண்டு, வைதவர்களும் உண்டு. எல்லாருக்கும் 'அது தெரிந்தே வைத்தது' என்று ஒரே பதில் போட்டேன். நிஜக் காரணத்தை யாரிடமும் சொல்லவில்லை. அது உன் பிறந்தநாள். நீ போன பிறகு கிழமையில் உன்னுடையது என்று மிச்சமிருந்தது அது ஒன்றுதான். எடுக்க மனசு வரவில்லை. யார் எழுதியது என்பதை மறந்துவிட்டேன், யாருடைய நாள் என்பதை மறக்கவில்லை.

அம்மாவை இதில் இழுக்காதே. அம்மா பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்வதற்காக அந்தத் தேதியைப் போட்டார். தேதி இல்லை என்றால் அன்றைக்கு உன்னை ஸ்கூலில் சேர்த்திருக்க மாட்டார்கள். அதே தேதியை வைத்து ஒருவரைத் திருப்பி அனுப்பியது நீயும் நானும்தான்.

மிகவும் அலுப்பாக இருக்கிறது. இப்போதைக்கு இவ்வளவுதான்.

ஹில்டா

•

நாவலூர்
14 ஏப்ரல் 2025

ஹில்டாவுக்கு,

உபயம் என்று எழுதியது எனக்குச் சுத்தமாக நினைவில்லை. இரண்டு வாரமாக அந்தச் சொல்தான் மனதில் ஓடிக்கொண்டிருக்கிறது. பதினோரு வருடம் என் வரிக்காக நீ திட்டு வாங்கியிருக்கிறாய். அதை அறியாமல் உனக்கே எதிராக எழுதினேன்.

ஓட்டுக்கு முதல் நாள் குழுவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். நாம் கடிதம் எழுதிக்கொண்டதையும், அந்த வரி என்னுடையது என்பதையும். தலைவர் விஷ்ணுப்ரியா, "தபாலிலா?" என்று இரண்டு தடவை கேட்டார். என்னை ஓட்டிலிருந்து விலக்கிவிட்டார்கள். மற்ற ஆறு பேரில் நான்கு பேர் சரி, இரண்டு பேர் வேண்டாம்.

கிழமை தேறிவிட்டது. மே பத்தாம் தேதிக்குள் நீ கையெழுத்துப் போட்டால் அன்றோடு உன் பாரம் இறங்கிவிடும். புகார், சண்டை எல்லாம் இனிக் குழுவின் தலையில்.

ஒரு நிபந்தனை. இப்போது எப்படி இருக்கிறதோ அப்படியே உள்ளே போக வேண்டும். ஜூன் ஒன்று உட்பட. நடத்தை இரண்டு வருடம் மாறாமல் ஓடிய கருவியைத்தான் எடுப்போம் என்பது பழைய விதி. அந்த வரியை மாற்றினால் இரண்டு வருடம் கழித்து மறுபடி முதலிலிருந்து வா என்கிறார்கள். நான் வாதாடிப் பார்த்தேன். விலக்கப்பட்டவன் பேச்சு எடுபடவில்லை.

நீ கையெழுத்துப் போட்டால் நான் ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். இதை ஒப்புக்கு எழுதவில்லை.

எலியேசர்

•

சிட்லபாக்கம்
22 ஏப்ரல் 2025

எலிக்கு,

கையெழுத்துப் பக்கத்தைத் திறந்துவைத்துக்கொண்டு மூன்று நாள் உட்கார்ந்திருந்தேன். போட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன், பொய் சொல்ல மாட்டேன். எல்லம்மா யாரோ, எனக்கென்ன என்றுகூட ஒரு தடவை நினைத்தேன். அதற்காக இரண்டு நாள் ஜெபம் பண்ண வெட்கமாக இருந்தது.

நேற்று அம்மாவிடம் சொன்னேன். எல்லாவற்றையும், அந்தத் தேதியையும். சொல்லியிருக்கக் கூடாதோ என்று பிறகு பயந்தேன். அம்மா அழவில்லை. "பசங்களக் கேட்டேன்... யாருக்கும் தெரியல... அதான் போட்டேன்" என்றார். பிறகு, "அந்தம்மாவ... யாராவது கேட்டாங்களா?" என்றார்.

யாரும் கேட்கவில்லை. கிழமை அவர்களைக் கேட்கவிடவில்லை. காலியாக இருந்திருந்தால் அந்த மேசைப் பெண் ஒரு வார்த்தை கேட்டிருப்பாள்.

இன்று காலை வரியை மாற்றி வெளியிட்டுவிட்டேன். இனி வருடம் மட்டும் இருந்தால் வருடம் மட்டும்தான் வரும், மற்ற இடத்தில் 'தெரியாது' என்று நிற்கும். அந்தக் கண் முகாம்காரர்களுக்கும் எழுதிப் புதியதை மாற்றிக்கொள்ளச் சொன்னேன். விண்ணப்பத்தை வாபஸ் வாங்கிவிட்டேன். மத்தியானத்துக்குள் நாற்பத்தொரு புகார். ஒருவர் என்னைப் பைத்தியம் என்கிறார்.

ஆக, இன்னும் இரண்டு வருடம். எழுதும்போதே தோள் வலிக்கிறது. உன் மேல் கோபம் போகவில்லை, அது இருக்கட்டும். ஆனால் ஒன்று சொல்கிறேன், இது கெஞ்சல் இல்லை. வரி உன்னுடையது, அதற்கு வரும் திட்டும் உன்னுடையது. திங்கள், புதன், வெள்ளி நீ பார்க்கிறாய். அந்த மூன்று நாளும் என் போன் பீரோவில் அணைந்து கிடக்கும்.

ஹில்டா

•

நாவலூர்
27 மே 2025

ஹில்டாவுக்கு,

நான்கு வாரத்தில் இருநூற்றுப் பதினேழு பேருக்குப் பதில் எழுதியிருக்கிறேன். மூன்றாவது வாரமே எனக்கு வெறுத்துப்போய்விட்டது. வாரத்துக்கு மூன்று நாள், அதற்கே இப்படி. ஏழு நாளும் எட்டு வருடம் எப்படி இருந்தாய் என்று கேட்கவே கூச்சமாக இருக்கிறது.

குழுவிலிருந்து விலகிவிட்டேன். தியாகம் என்றெல்லாம் நினைக்காதே. இரண்டு வருடம் கழித்து நம் விண்ணப்பத்துக்கு நானே ஓட்டுப் போட முடியாதல்லவா.

சனிக்கிழமை முகாம் நடந்தது. எல்லம்மாவோடு போனேன். அதே மேசை, அதே பெண். சீட்டில் 1965 என்று மட்டும் வந்தது. அவள் திரையை ஒரு தடவை தட்டிப் பார்த்துவிட்டு நிமிர்ந்து, "எந்த மாசம்மா பொறந்தீங்க?" என்று கேட்டாள். வெள்ளையடித்த கதையை எல்லம்மா முழுசாகச் சொன்னார். "அப்போ ஜனவரி" என்று கையால் எழுதிக்கொண்டாள். நேற்று வலது கண்ணுக்கு ஆகிவிட்டது. கட்டோடு உட்கார்ந்துகொண்டு, "பொட்டி இப்பதான் வாய மூடிகினு கீது சார்" என்கிறார்.

எலியேசர்

•

சிட்லபாக்கம்
1 ஜூன் 2025, ஞாயிறு

எலிக்கு,

ஸ்தோத்திரம்.

ஆராதனைக்குப் போய் வந்து எழுதுகிறேன். வீல்சேரில் அம்மாவையும் கூட்டிப்போனேன். ஒன்பது மாதத்தில் இதுதான் முதல் தடவை. வாரத்தில் மூன்று நாள் பத்து மணிப் பயிற்சி தடைப்படாமல் நடந்ததன் பலன் என்று பிசியோ பெண் சொல்கிறாள். நீ வெறுத்துப்போய் உட்கார்ந்த நாட்கள் அவை. தெரிந்துகொள்.

திரும்பி வந்ததும் அம்மா பொன்விழா வேலையைக் காட்டச் சொன்னார். பழைய பதிவேட்டைப் புதிய கிழமையில் ஓட்டினேன். பதினெட்டுப் பேர் வரிசையாக வந்தார்கள். உன் பெயரும் வந்தது. எலியேசர், 1980, மாதம் தெரியாது, நாள் தெரியாது. உன்னிடமிருந்து எதையோ பிடுங்கிக்கொண்ட மாதிரி இருந்தது. வருடா வருடம் இந்தத் தேதியில் வாழ்த்து சொல்வேன், சண்டை போட்ட வருடங்களில்கூட ஒரு வரி அனுப்பியிருக்கிறேன். இன்றைக்கு என்ன எழுதுவது என்று தெரியாமல் பேனாவை மூடிவிட்டேன்.

அம்மா திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு வலது கையைத் தூக்கி உன் பெயரைத் தொட்டார்.

"நாள்... இல்லன்னா," என்றார். மூச்சு வாங்கிக்கொண்டார். "என்னைக்கு வேணா... வரலாம்ல. வரச் சொல்லு."

பதினோரு மணிக்கு மேல் வா. பத்து மணிக்கு பிசியோ பெண் இருப்பாள்.

ஹில்டா